காணாமற்போன என் பொறிகளைத் திருட்டுக் கணக்கிலிருந்து நீக்கக் கோரி

அனுப்புநர்:
மார்லிஸ் ட்வெய்ட்,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர், உரிமம் பெற்ற பொழுதுபோக்குப் பொறிக்காரி,
மேல் ஓடைச் சாலை, டன்மோர்,
மொன்டானா.

பெறுநர்:
திரு. வெண்டல் ஹார்க்னஸ் அவர்கள்,
வட்ட வனவிலங்குக் காவல் அதிகாரி,
டன்மோர்.
(மூடிய உறையில், நேரில். தங்கள் கண்ணுக்கு மட்டும்.)

பொருள்: என் பொறிகள் திருடுபோனதாக நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவது, திரு. மிலான் ரட்கோவிச் மீதான வழக்கை வரும் திங்கட்கிழமைக்குள் கைவிடக் கோருவது. நான் பொறி வைக்கும் ஓடையை எனக்கும் சேர்த்தே மூடிவிடக் கோருவது – தொடர்பாக.

பார்வை: சனவரி மாதம் நான் கோபத்தோடு எழுதிக் கொடுத்த புகார்.

மதிப்புக்குரிய ஐயா,

1. சனவரியில் தங்கள் அலுவலகத்துக்கு வந்து, மேசையைத் தட்டி, "அந்த ஆள் மேல வழக்குப் போடுற வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்க மாட்டேன்" என்று அடம்பிடித்த அதே மார்லிஸ்தான் இதை எழுதுகிறேன். அன்று நான் கேட்டபடியே தாங்கள் வழக்குப் போட்டீர்கள். இன்று அதே வாயால் வேண்டாம் என்கிறேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று தாங்கள் நினைப்பது நியாயமே. தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டு அந்த முடிவுக்கு வாருங்கள்.

2. என்னைப் பற்றித் தங்களுக்குத் தெரியும் என்றாலும் முறைக்காகச் சொல்கிறேன். காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். இடைப்பட்ட நேரத்திலும் வார இறுதியிலும், பருவத்தில், ஓடைக்கரைக் காட்டில் மார்ட்டனுக்குப் பொறி வைக்கிறேன். மரத்துக்கு மரம் தாவும், கீரியைப் போன்ற அந்தச் சிறு விலங்கின் ரோமத்தோலை விற்று இந்தக் காலத்தில் யாரும் பிழைக்க முடியாது. எனக்கு அந்த எண்ணமும் இல்லை. எனக்கு இது ஆசை, அவ்வளவுதான். பனி பெய்து ஓய்ந்த காலையில் தடம் பார்த்து நடப்பதைவிடப் பெரிய சுகம் எனக்கு வேறு கிடையாது.

3. என் பொறிகள் எல்லாம் பெட்டிப் பொறிகள். சாய்த்து வைத்த கம்பின்மேல் பலகைப் பெட்டி, உள்ளே இரையாகப் பீவர் இறைச்சித் துண்டு, வாயில் பொறி, மரத்தோடு சேர்த்து இரும்புக் கம்பிக் கட்டு. சட்டப்படி ஒவ்வொன்றிலும் என் பெயர் பொறித்த பித்தளை வில்லை உண்டு. பெட்டி மூடிக்கு நான் பள்ளிப் பேருந்தின் மிச்ச மஞ்சள் வண்ணம் அடிப்பது வழக்கம். காடு முழுக்க வெள்ளையாய்க் கிடக்கும்போது எங்கே வைத்தோம் என்று தேடித் திண்டாட வேண்டாம் பாருங்கள். இந்த மஞ்சளை வைத்து என்னைக் கேலி செய்யாத பொறிக்காரர் இந்த வட்டத்தில் இல்லை.

4. புத்தாண்டு கழிந்ததும் பெட்டிகள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் ஒன்று. பிறகு ஓடையின் மேல்பகுதியில் வரிசையாக. கம்பி முறுக்கி அறுக்கப்பட்டிருந்தது. ஆணிகள் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. கடப்பாரை கொண்டு வந்திருக்கிறான் பாவி என்று நினைத்தேன். பனி கொட்டுகிற நேரமாகப் பார்த்து வந்ததால் தடம் எதுவும் மிஞ்சவில்லை. காடு தெரிந்த கள்ளன்தான் அப்படி நேரம் பார்ப்பான் என்று முடிவுகட்டினேன். ஐயா, பொறி போனால் இன்னொன்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான் இல்லாத நேரத்தில் என் இடத்துக்கு ஒருவன் வந்து போகிறான், அடுத்து நான் எங்கே வைப்பேன் என்பதுகூட அவனுக்குத் தெரிகிறது என்ற நினைப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சில நாட்கள் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போதும் எதிரே வருகிற வண்டிகளை எல்லாம் முறைத்துக்கொண்டே போனேன்.

5. மிலான் ரட்கோவிச்சை நான் சந்தேகித்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஓடைத் தகராறு. பொது நிலத்தில் யார் வேண்டுமானாலும் பொறி வைக்கலாம் என்பது சட்டம். முதலில் வைத்தவர் ஓடைக்குள் அடுத்தவர் நுழைவதில்லை என்பது எங்களுக்குள் இருக்கும் மரியாதை. சில பருவங்களுக்கு முன் மிலான் என் ஓடையின் இரண்டாவது வளைவைத் தாண்டி உள்ளே வந்து பொறி வைத்தார். கேட்டால், ஓடை அந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது, பிரிந்தது தன்னுடையது என்று வாதம். அன்றிலிருந்து எதிரே பார்த்தால் தலையை மட்டும் அசைத்துக்கொள்வோம். சில நாள் அதுவும் கிடையாது.

6. இரண்டாவது காரணம், நாற்றம். பொறிக்கு விலங்கை இழுக்க ஒவ்வொரு பொறிக்காரரும் தன் கைப்பக்குவத்தில் ஒரு மருந்து காய்ச்சுவார். சேர்மானத்தை மனைவியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். மிலானுடைய மருந்தைப் பற்றி ஊரே அறியும். அவர் பெட்ரோல் போட வந்தால் பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை ஏற்றிவிடுவார். தேவாலயத்தில் அவருக்குக் கதவோரம்தான் இடம், கோடையானாலும் குளிரானாலும். என் பெட்டிகள் பறிபோன ஒவ்வொரு மரத்தடியிலும் அதே மாதிரி நாற்றம் வீசியது. பார்வையிட வந்த தங்கள் உதவி அலுவலர் கெல்சி ப்ராட் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ சாமி! இது மிலான் சரக்கேதான். இந்த நாத்தத்துக்கு மேல கைரேகை வேற எதுக்கு?" என்றார். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அதுவே புகாரில் முதல் சான்றாக ஏறியது.

7. பிப்ரவரி தொடக்கத்தில், சாலைச் சோதனையில், மிலானுடைய பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் என் பெயர் வில்லையோடு ஒரு பொறி கிடைத்தது. அதோடு மஞ்சள் பலகைத் துண்டு ஒன்று. அவர் கெல்சியிடம் சொன்னது இதுதான்: "மேலே கிடந்துச்சு. அவகிட்ட குடுக்கத்தான் எடுத்துட்டு வந்தேன்." எந்த மேலே என்று கேட்டதற்கு, "மேலேன்னா மேலேதான்" என்று செங்குத்தான மலைச் சுவரைப் பார்த்துக் கையைக் காட்டியிருக்கிறார். அங்கே இருந்த எல்லோரும் சிரித்தார்களாம். கயிறு கட்டி ஏறுகிறவர்களே குளிர்காலத்தில் கிட்டப் போகாத சுவர் அது. யாரோ ஒருவர், "நாற்றக்கரடி தூக்கிட்டுப் போயிருக்கும், இல்ல மிலான்?" என்று கேட்டாராம். அதற்குமேல் எதையும் விளக்க அவர் மறுத்துவிட்டார்.

8. அந்தக் கேலியைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வுல்வரின் என்று புத்தகத்தில் போட்டிருக்கும் விலங்கைத்தான் எங்கள் பக்கம் நாற்றக்கரடி என்பது. கரடியும் அல்ல, நாயும் அல்ல. மார்ட்டனின் குடும்பத்தில் பிறந்த முரட்டுப் பிறவி. பொறியையும் இரையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும் என்று கதைகள் உண்டு. ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில் அதைப் பார்த்தவர் யாரும் கிடையாது. வெறுங்கையோடு வீடு திரும்பும் பொறிக்காரரைப் பார்த்து, "என்னப்பா, நாற்றக்கரடி கொண்டு போயிடுச்சா?" என்று கேட்பதோடு அதன் வாழ்க்கை இங்கே முடிந்துவிட்டது. அப்படித்தான் போன வாரம்வரை நானும் நினைத்தேன்.

9. போன வாரம் பள்ளி விடுமுறை. மிலான் சொன்னது பொய் என்று நிரூபிப்பதற்காகவே மலையேறினேன் என்பதைத் தயங்காமல் பதிவு செய்கிறேன். அந்தச் சுவருக்கு எதிர்முகட்டுக்குப் போய், ஒரு மனிதன் பொறியைச் சுமந்துகொண்டு மேலே ஏற முடியாது என்று விவரமாக எழுதி, நீதிமன்றத்தில் கொடுப்பது என் திட்டம். என் கணவர் ஆர்வின், "அந்தாளு மாட்டிக்கிறத வீட்ல உக்காந்தே பாக்கலாமே, இதுக்கு எதுக்குடி மலை ஏறுற?" என்று கேட்டார். அவருடைய தொலைநோக்கியையும் எடுத்துக்கொண்டு பனிச்சறுக்குப் பலகைகளில் கிளம்பினேன். எதிர்முகட்டில் ஒரு பாறைக்கு ஒதுங்கி உட்கார்ந்து காப்பியை ஊற்றினேன். அந்தக் காப்பியை நான் குடிக்கவே இல்லை.

10. சுவரின் அடியில், மரங்கள் முடியும் இடத்தில், அது வெளியே வந்தது. நடுத்தர நாயின் உயரம்; கரும்பழுப்பு; இரண்டு விலாவிலும் வைக்கோல் நிறத்தில் பட்டை. வாயில் ஒரு மலையாட்டின் பின்னங்கால், தொடையோடு. பனிச்சரிவில் செத்த ஆடாக இருக்க வேண்டும். அந்தக் கால் அதன் உடம்பைவிட நீளம். ஐயா, நான் என்ன நினைத்தேன் என்றால், சுவரடியில் உட்கார்ந்து தின்னும் என்று நினைத்தேன். அது நிற்கவே இல்லை. சுவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராக மேலே ஏறியது.

11. நேராக என்றால் நேராக. வளைந்து போவது, ஒதுங்கிப் போவது, மூச்சு வாங்க நிற்பது, எதுவும் கிடையாது. பனி இறுகிய சரிவு வந்தது, அதிலே ஏறியது. பாறை வந்தது, அந்தக் காலைப் பல்லில் கவ்வியபடியே நகத்தால் பற்றி ஏறியது. ஓரிடத்தில் பனி உடைந்து அதன் மேலேயே சரிந்தது. முடிந்தது கதை என்று நான் கத்திவிட்டேன். பனிப்புகை அடங்கியதும் பார்க்கிறேன், அது முன்பிருந்த இடத்துக்கு மேலே இருக்கிறது! ஆட்டுக்காலையும் விடவில்லை. என் வாய் திறந்தே இருந்திருக்கிறது போல. குளிர்க்காற்று பட்டுப் பல் கூசிய பிறகுதான் மூடினேன். தேவாலயத்தில் பாதிரியார் எழச் சொன்னால்தான் நான் எழுவேன், அதுவும் முழங்காலைத் திட்டிக்கொண்டே. அங்கே யாரும் சொல்லாமல் எழுந்து நின்றிருக்கிறேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. இப்படி ஒன்று என் ஓடைக்கு மேலே, என் தலைக்கு மேலே, இத்தனை நாளாக வாழ்ந்துகொண்டிருந்ததே என்று நினைக்க நினைக்க எனக்கு அழுகை வந்தது. அழுதேன். காரணம் கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல வராது.

12. அது போய்ச் சேர்ந்த இடத்தைத் தொலைநோக்கியில் பார்த்தேன். பெரும்பாறைகளுக்கு நடுவே பனியில் ஒரு துளை. துளையைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாகச் சிதறல். என் பெட்டி மூடிகள்! இந்தப் பள்ளத்தாக்கில் அந்த மஞ்சளுக்கு வேறு சொந்தக்காரர் கிடையாது. உடைந்த பலகை, கம்பி, வெயிலில் மின்னும் இரும்பு, எல்லாம் கிடந்தன. அவற்றோடு நீல பிளாஸ்டிக் வாளிகளும் கிடந்தன. மிலான் பெட்டி செய்யமாட்டார். நீல வாளிக்குள்தான் பொறி வைப்பார். ஆக, அவருடைய பொறிகளும் என்னுடையவற்றைப் போலவே பறிபோயிருக்கின்றன. அப்படியானால் அவர் ஏன் புகார் கொடுக்கவில்லை என்ற கேள்வி அப்போதே எனக்குள் எழுந்தது. அதற்குள் அந்த விலங்கு துளைக்குள் போய்த் திரும்பி வெளியே வந்தது. வாயில் கை அகலத்துக்கு வெள்ளையாக எதையோ கவ்வியிருந்தது. பனிக்கட்டி என்று நினைத்தேன். பனிக்கட்டி காலை உதைத்தது. அது பெண். துளையைவிட்டுச் சற்றுத் தள்ளி இன்னொரு பாறையடிக்குத் தன் குட்டியை மாற்றிக்கொண்டிருந்தது.

13. மரத்தடி நாற்றத்துக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. நாற்றக்கரடி என்று பெயர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை. தான் எடுத்த இடத்தில் தன் வாடையைப் பூசிவிட்டுப் போவது அதன் வழக்கம். என் மூக்கும் கெல்சியின் மூக்கும் நாற்றத்தைச் சரியாகத்தான் பிடித்தன; ஆளைத்தான் மாற்றிப் பிடித்தன. மிலான் மருந்து அத்தனை மோசமானது என்பதும் இதனால் உறுதியாகிறது.

14. அன்று மாலையே மிலான் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் என்னைக் கண்டதும், "திட்டுறதா இருந்தா உள்ள வந்து திட்டு, குளிர் உள்ள வருது" என்றார். "மேலே கிடந்ததுன்னு சொன்னியே, பார்த்துட்டேன்" என்றேன். அவர் முகம் மாறியது. முதல் வேலையாகப் போய்க் கதவைச் சாத்தினார். அடுத்து நடந்த பேச்சை, தாங்கள் சாட்சியமாகக் கருத வேண்டி, உள்ளபடியே தருகிறேன்.

"யார் யார்கிட்ட சொன்ன?" என்றார்.

"யார்கிட்டயும் இல்ல. நேரா இங்கதான் வர்றேன்."

"ஆர்வின்கிட்ட?"

"இன்னும் இல்ல. எதுக்கு இப்படிப் பயப்படுற? நீ திருடலன்னு ஆகிடுச்சுய்யா. கேஸ் வர்ற அன்னைக்கு நானே கோர்ட்ல வந்து சொல்றேன்."

"வாய மூடிட்டு வீட்டுக்குப் போ மார்லிஸ்."

எனக்கு வந்த கோபத்தைத் தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம். அவரைக் காப்பாற்ற வந்த என்னை அவர் விரட்டுகிறார்! பிறகு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு, வால்நட் ரொட்டியை அறுத்து என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்:

"மலை மேல கிடந்துச்சுன்னு கோர்ட்ல சொன்னா, எங்கன்னு கேப்பாங்க. காட்டுன்னுவாங்க. கெல்சி ஒரு போட்டோ எடுக்கும். ராத்திரிக்குள்ள அது ஊர் பூரா சுத்திடும். அப்புறம் பனியில ஓட்டுற ஸ்னோமொபைல் வண்டி வெச்சிருக்கிற ஒருத்தன் பாக்கியில்லாம மேல ஏறுவான், பாக்கணும்னு. சத்தம் கேட்டா அவ குட்டிய விட்டுட்டு ஓடிடுவா. இந்தக் குளிர்ல அது என்ன ஆகும்? முப்பது வருஷமா வேட்டைக்காரங்களக் கூட்டிட்டு இந்த மலையெல்லாம் சுத்துறேன், ஒரு தடம்தான் பாத்திருக்கேன், அதுவும் பாதி. நான்தான் திருடினேன்னு கோர்ட்ல ஒத்துக்கப் போறேன், உரிமம் போனா போவுது. நான் பாத்துட்டேன்ல?"

15. ஐயா, அவர் அந்தக் கடைசிச் சொல்லைச் சொன்னபோது அவர் முகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி இருந்தது. பிப்ரவரியில், தன் தொலைந்த வாளிகளைத் தேடி முகட்டுவழியாகச் சுற்றிப்போய், மேலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார். வழியில் அது நழுவவிட்ட என் பொறி கிடந்திருக்கிறது. குனிந்து எடுத்திருக்கிறார். அதற்குத்தான் இத்தனை பாடு.

16. அவருடைய வேலை தங்களுக்குத் தெரியும். இலையுதிர் காலத்தில் எல்க் மான் வேட்டைக்கு வெளியூர்க்காரர்களை அழைத்துப் போகும் வழிகாட்டி. பொறித் திருட்டு உறுதியானால் பொறி உரிமத்தோடு வழிகாட்டி உரிமமும் பறிபோகும். "அப்புறம் என்ன பண்ணுவ, பெரிய தியாகி?" என்று கேட்டேன். "உன் பஸ்ஸக் கழுவுறேன்" என்றார். சிரிக்கிற நேரமா இது? ஆனாலும் சிரித்துவிட்டேன். அந்த மனிதருக்கு வேறு தொழில் தெரியாது. அந்த மலை இல்லாமல் ஒரு பருவம்கூட அவரால் இருக்க முடியாது. அதை அவர் அறிந்தேதான் இதைச் செய்கிறார். அவரோடு எனக்கு எத்தனையோ பகை இருக்கலாம், இருக்கிறது. ஆனால் அன்று அந்தச் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது, முகட்டில் எனக்கு எப்படி இருந்ததோ அப்படித்தான் இருந்தது. இப்படி ஒரு ஆள் பக்கத்திலேயே இருந்தும் தெரியாமல் போயிற்றே என்று மலைத்துப்போனேன். கிளம்பும்போது, "ரெண்டாவது வளைவு மட்டும் என்னோடதுதான்" என்றார். அது அவருடையது அல்ல என்பதை இம்மனுவிலும் பதிவு செய்கிறேன்.

17. இனி சட்டத்துக்கு வருகிறேன். பொறிக்காரர்களுக்குள் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. அடுத்தவர் பொறி இருக்கும் இடத்தில் இருந்தால் கை வைக்கக் கூடாது. இடம் பெயர்ந்து தரையில் கிடந்தால், பார்த்தவர் எடுத்து வந்து வில்லையில் உள்ள பெயருக்குரியவரிடம் சேர்க்க வேண்டும். அப்படியே விட்டுவிட்டு வருவதுதான் எங்களிடம் அவமரியாதை. நானே பலருடைய பொறிகளை அப்படிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். மிலானுக்கும் ஒருமுறை, ஒரு வார்த்தை பேசாமல், வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆகவே, இடம் பெயர்ந்து கிடக்கும் என் பொறியை எடுத்து வர இந்தப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு பொறிக்காரருக்கும் என் அனுமதி எப்போதும் உண்டு. பிப்ரவரியிலும் உண்டு. மிலானுக்கும் உண்டு. சொந்தக்காரி அனுமதியோடு எடுத்த பொருள் திருட்டு ஆகாது. இதை எந்த நீதிமன்றத்திலும் கைதூக்கிச் சத்தியம் செய்து சொல்வேன், ஏனெனில் இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எங்கே எடுத்தார் என்ற கேள்விக்கே இதில் இடம் வராது.

18. அந்த இடத்தை நான் இம்மனுவில் குறிப்பிடவில்லை என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். எந்த முகடு, சுவரின் எந்தப் பக்கம் என்று எழுதமாட்டேன். தாங்கள் உத்தரவிட்டாலும் எழுதமாட்டேன். ஆனால் அதிகாரி என்ற முறையில், நான் சொல்வதை நம்பத் தங்களுக்கும் ஏதாவது வேண்டும். எனவே தாங்கள் தனியாக, வண்டிச் சத்தம் இல்லாமல், புகைப்படக் கருவி இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை காலை என்னோடு எதிர்முகட்டுக்கு வர வேண்டுகிறேன். தங்கள் முழங்கால் பற்றி அறிவேன். மெதுவாகப் போகலாம். தடித்த தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள். நான் பல்லுக்காகச் சொல்கிறேன்.

19. ஓடையின் மேல்பகுதியை இனிப் பொறிகளுக்கும், பனி கரையும்வரை ஸ்னோமொபைல்களுக்கும் மூடிவிடக் கோருகிறேன். பெட்டி வைத்தால் அவள் மறுபடியும் இறங்கி வருவாள். என்றாவது ஒருநாள் பொறி பெட்டியைவிட்டு அவள் காலைப் பிடிக்கும். காரணம் எழுத வேண்டுமென்றால் பனிச்சரிவு அபாயம் என்று எழுதலாம், அது உண்மையும்கூட. அந்த ஓடைதான் என்னிடம் இருப்பதிலேயே நல்ல ஓடை. என் கையாலேயே அதைக் கேட்டு மூடிக்கொள்கிறேன் என்பது தெரியாமல் இல்லை. நேற்று பேருந்தை நிறுத்திவிட்டுச் சாலையிலிருந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு கேட்கத்தான் இல்லை. ஆனாலும் மூடிவிடுங்கள். மற்ற பொறிக்காரர்கள் யார் வேலை இது என்று கொதித்தால், என் பெயரைத் தாராளமாகச் சொல்லிவிடுங்கள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் நான்; முதுகுக்குப் பின்னால் கூச்சல் எனக்குப் புதிதல்ல.

20. மேலே கிடக்கும் பொறிகளை மீட்டுத் தர வேண்டாம். யாரையும் அனுப்பவும் வேண்டாம்.

21. கடைசியாக ஒன்று. இம்மனு கொடுப்பது மிலானுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடு மறுபடியும் பேச்சை நிறுத்திவிடுவார்; பரவாயில்லை, பழக்கம்தான். திங்கட்கிழமை காலை அவர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, "ஆமா, நான்தான் திருடினேன்" என்று சொல்லப் போகிறார். பொய் சொன்னால் அவருக்குக் காது இரண்டும் சிவந்துவிடும். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். நீதிபதி வெளியூர்க்காரர், அவருக்குத் தெரியாது. அவர் நம்பிவிடுவார். ஐயா, தன் வாழ்நாளில் எதையும் திருடாத ஒரு மனிதர், மலைமேல் பிறந்து இன்னும் கண்கூடத் திறக்காத ஒன்றுக்காக, அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லக் கூடாது. ஞாயிறன்றே புகாரை நீக்கி, அவர் அந்தக் கூண்டில் ஏறாமல் செய்யுமாறு தங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: டன்மோர்
நாள்: மார்ச் 14, வியாழன்

இங்ஙனம்,
எதையும் பறிகொடுக்காத,
மார்லிஸ் ட்வெய்ட்
(கையொப்பம்)